டெர்பிஷயரில் ஒரு நாள்: சாட்ஸ்வொர்த்தா, ஹார்ட்விக்கா, ஹாடனா?

இங்கிலாந்தின் டெர்பிஷயர் கவுண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஹார்ட்விக் ஹால், ஹாடன் ஹால் என்று இன்னும் இரண்டு அங்கே இருக்கின்றன. கையில் ஒரு நாள்தான் என்றால் சாட்ஸ்வொர்த்தை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் கட்சி.

சாட்ஸ்வொர்த், ஹார்ட்விக் இரண்டும் ஒரே பெண்ணிடமிருந்து தொடங்கியவை. பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்று வரலாறு அழைக்கும் எலிசபெத், நடுத்தர நிலக்கிழார் வீட்டில் பிறந்து, நான்கு திருமணங்கள் செய்து, நாட்டின் பெரும் பணக்காரிகளில் ஒருவரானவர். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷோடு 1549ல் சாட்ஸ்வொர்த் நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்று அடையாளம் தெரியாது. வாரிசான முதலாம் டெவன்ஷயர் டியூக் 1686லிருந்து பகுதி பகுதியாக இடித்துக் கட்டினார். பின்னால் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. குன்றின் மேல் நிற்கும் வேட்டைக் கோபுரம் பெஸ் காலத்து மிச்சங்களில் ஒன்று.

ஹார்ட்விக்கின் கதை நேர் எதிர். வாரிசுகளுக்குப் பிடித்தது சாட்ஸ்வொர்த் என்பதால், ஹார்ட்விக்கை நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றிக் கட்ட யாரும் மெனக்கெடவில்லை. 1590ல் தொடங்கி 1597ல் பெஸ் குடியேறிய வீடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. கண்ணாடி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், சுவரைவிட ஜன்னல் அதிகம் என்று ஊரே பேசும் அளவுக்கு எழுப்பிய வீடு இது. மாடி ஏற ஏற ஜன்னல்களும் உயர்கின்றன, ஏனென்றால் விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் மேல்தளத்தில். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் ‘இ.எஸ்.’ என்ற அவருடைய முதலெழுத்துகள் கல்லில் நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி; ஷ்ரூஸ்பரி பிரபு அவருடைய நான்காவது கணவர். இது யார் வீடு என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார்!

நீண்ட கூடத்தில் தொங்கும், பைபிள் வீரன் கிதியோனின் கதையை நெய்த திரைச்சீலைகளுக்காகவே இங்கே வரலாம். மொத்தம் 13. எலிசபெத் அரசியின் அமைச்சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் இறந்தபின் 1592ல் விலைக்கு வந்தவை. அவற்றிலிருந்த ஹாட்டனின் குலச்சின்னத்தை மறைத்துத் தன்னுடையதை வைக்க ஆகும் செலவுக்காக 5 பவுண்டு குறைத்துத்தான் பெஸ் பணம் கொடுத்தார். அவற்றைச் சீர்செய்யும் வேலை 24 ஆண்டுகள் நடந்து 2023ல் முடிந்தது. பக்கத்திலேயே அவர் அதற்குமுன் கட்டிய பழைய ஹால், கூரையில்லாமல் நிற்கிறது, அதையும் விடாதீர்கள்.

1950ல் பத்தாம் டெவன்ஷயர் டியூக் இறந்தபோது சொத்துக்கு 80 சதவீத வாரிசு வரி விழுந்தது. அந்த வரிக்கு ஈடாகக் குடும்பம் கொடுத்தவற்றில் ஹார்ட்விக்கும் ஒன்று. 1959ல் அது, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம் வந்தது. சாட்ஸ்வொர்த் குடும்பத்தின் கையில் நிலைத்ததற்கு ஹார்ட்விக் கொடுத்த விலை அது.

அப்புறம் ஹாடன். பேக்வெல் ஊருக்கு அருகே, வை நதிக்கரையில், 12ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த வீடு. இதன் சொந்தக்காரர்களான மேனர்ஸ் குடும்பம் 1700 வாக்கில் தங்களுடைய பீவர் கோட்டையே போதும் என்று இதைப் பூட்டிவிட்டுப் போனது. இருநூறு ஆண்டுகள் யாரும் வசிக்காததால் யாரும் கெடுக்கவும் இல்லை. 1920களில் அதே குடும்பத்தின் ஒன்பதாம் ரட்லண்ட் டியூக் பொறுமையாகச் சீர்செய்தார். வெள்ளையடித்து மூடிக்கிடந்த 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் சிற்றாலயத்தில் மீண்டும் தெரிகின்றன. புழங்கிப் புழங்கித் தேய்ந்த சமையலறைப் பலகைகள் அரண்மனை நாற்காலிகளைவிட அதிகம் பேசும்.

சாட்ஸ்வொர்த்தில் எனக்கு மனம் நிறைவது தோட்டத்தில்தான். ரஷ்யப் பேரரசர் ஜார் வருவார் என்று தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844ல் அமைத்த எம்பரர் நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது. மேட்டிலுள்ள ஏரியின் நீர், இறங்கும் வேகத்திலேயே பீறிடுகிறது. 90 மீட்டர்வரை எழுந்ததாகப் பதிவு உண்டு. ஜார் வரவேயில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தத் தோட்டம்தான் சரி.

கார் இருந்தால் காலையில் ஹாடன், மதியம் ஹார்ட்விக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் செஸ்டர்ஃபீல்டில் முறுக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும் தேவாலயக் கூம்பையும் பார்த்துவிடலாம். ஹாடன் குளிர்காலத்தில் மூடும், தேதி பார்த்துப் போங்கள். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை மூன்றில் ஹார்ட்விக்கில் மட்டுமே செல்லும். இன்னொரு நாள் கிடைத்தால்கூட நான் முதலில் அனுப்புவது கிராம்ஃபோர்டுக்கு. ஆர்க்ரைட் 1771ல் நீர்விசையில் ஓடும் பஞ்சாலையைத் தொடங்கிய ஊர் அது. பிரபுக்கள் வீடுகளில் பார்க்க முடியாத தொழிலாளர் குடியிருப்புகள் அங்கே வரிசையாக நிற்கின்றன.