பெரூரியே நுவாரா, மானோ நெக்ராவா?

1980களின் பிற்பாதியில் பிரான்சில் 'மாற்று ராக்' என்று ஓர் அலை அடித்தது. சின்ன இசைத்தட்டு லேபிள், சின்ன அரங்கு, பெரிய கம்பெனிகளோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் 'யார் உண்மையிலேயே சுயேச்சை' என்று பேச்சு வந்தால், கடைசியில் இந்த இரண்டு இசைக்குழுக்களின் பெயரில்தான் வந்து நிற்கும்.

பெரூரியே நுவார் 1983இல் பாரிஸில் தொடங்கியபோது பாட ஃபிரான்ஸ்வா, கிதாருக்கு லோரான், அவ்வளவுதான். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. ஒரு டிரம் மெஷினை வைத்துக்கொண்டு அதற்கு 'தெதே' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். தெதேவுக்கு மூச்சு வாங்காது, தாளம் இம்மி பிசகாது. அதன்மேல் கரகரக்கும் கிதார், பிற்பாடு ஒரு சாக்ஸபோன், மேடை முழுக்க முகமூடியும் கோமாளி மூக்கும். சர்க்கஸ் கூடாரத்துக்குள் கலவரம் வெடித்த மாதிரி இருக்கும். கடைசிவரை எந்தப் பெரிய கம்பெனியிலும் கையெழுத்துப் போடவில்லை. பேர் உச்சத்தில் இருக்கும்போதே, 1989 நவம்பரில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் மூன்று இரவு வாசித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். முதல் இரவு 9ஆம் தேதி. பெர்லின் சுவர் திறந்ததும் அதே இரவுதான்.

மானோ நெக்ரா வேறு ரகம். மனு சாவ், அவர் தம்பி அந்துவான், உறவுக்காரர் சாந்தியாகோ என்று 1987இல் கிளம்பிய குடும்பக் கச்சேரி. 1988இல் முதல் ஆல்பம் புஷ்ரி என்ற சின்ன லேபிளில். அடுத்த வருடமே வர்ஜின் என்ற பெரிய கம்பெனி. விலை போய்விட்டார்கள் என்று ஏச்சு கிளம்பியது.

சரி, போனவர்கள் என்ன செய்தார்கள்? 1992இல் ரொயால் தெ லூக்ஸ் நாடகக் குழுவோடு நாந்த் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஏறி லத்தீன் அமெரிக்கா போனார்கள். மறுவருடம் கொலம்பியாவில் ஒரு பழைய ரயிலைத் தேற்றி ஓட்டி, நின்ற ஸ்டேஷனில் எல்லாம் இலவசக் கச்சேரி. வழியிலேயே குழுவில் பலர் இறங்கி ஊர் திரும்பினார்கள். 1994இல் கடைசி ஆல்பம் வந்தபோது குழுவே கிட்டத்தட்ட இல்லை. லாபக் கணக்குப் பார்க்கிற எவனும் இப்படி ஒரு பயணத்துக்கு ஆள் அனுப்ப மாட்டான்.

பணத்தை வைத்துப் பார்த்தால் பெரூரியேதான், பேச்சே இல்லை. ஆனால் எனக்கு அந்த ரயில்மேல்தான் ஆசை. கேட்பதற்கும் மானோ நெக்ராவே சுலபம்: ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம், அரபி எல்லாம் ஒரே குழம்பில் கொதிக்கும். தெதே அரை மணி நேரத்தில் தலைவலி தருவான். ஒலிம்பியா ஒலிப்பதிவில் மட்டும் அது தெரியாது. அங்கே பாதிப் பாட்டைக் கூட்டமே பாடிவிடுகிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. பெரூரியேவின் ஃபிரான்ஸ்வா பிற்பாடு வியட்நாம் வரலாற்று ஆய்வாளர் ஆனார். அரசைத் திட்டித் தீர்த்த அந்தக் குழுவின் காகிதங்களும் முகமூடிகளும் இப்போது பிரான்ஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.