வீட்டுப் பசுமைக்குடிலுக்கு 200 மைக்ரான் யூவி ஷீட்: வாங்கலாமா?

குடில் போடும்போது காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் மேல்ஷீட்தான். சாதாரண பாலித்தீன் ஒரே கோடையில் நொறுங்கிக் கையில் உதிரும். வெயிலின் புற ஊதாக் கதிரை (யூவி) தாங்கும், 200 மைக்ரான் (0.2 மி.மீ.) தடிமனுள்ள ஷீட் 3 வருடமாவது நிற்கும், சரியாகக் கட்டினால்.

அந்த 'சரியாக'வில்தான் சிக்கல். பிவிசி குழாயில் வளைவு போட்டால், ஷீட் முதலில் கிழிவது குழாயை ஒட்டிய கோட்டில்தான். குழாய் சூடேறுவது ஒரு காரணம். பிவிசியிலிருந்து கசியும் குளோரின் சேர்மங்கள் ஷீட்டின் யூவி தடுப்பைக் கெடுப்பது இன்னொன்று. ஷீட் படும் முதுகில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடித்துவிடுங்கள். வளைவுகளுக்கு இடையே 3 அடிக்கு மேல் விட்டால் ஷீட் தொட்டில்போல் தொய்ந்து மழைநீர் தேங்கும்.

6 அடி அகல அரைவட்டக் குடிலுக்கு வளைவின் நீளமே சுமார் 9.5 அடி. இருபுறமும் மண்ணில் புதைக்க ஒன்றரை அடி சேர்த்து 12.5 அடி அகலம் கேட்டு வாங்குங்கள். பலர் 10 அடி வாங்கி, செங்கல்லை அடுக்கிச் சமாளிப்பார்கள். ஒரு காற்றுக்குத் தாங்காது.

வெயில் ஏறிய, காற்றில்லாத நேரத்தில் இழுத்துக் கட்டவும். காலைக் குளிரில் கட்டியது மதியம் தொய்ந்து படபடக்கும், மடிப்பில் கிழியும். நீர்த்துளி சொட்டாத பூச்சுள்ள ரகமென்றால் அந்தப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண்.

வெக்கையை இந்த ஷீட் குறைக்காது. அதற்கு இரு முனையிலும் திறப்பு வைத்தே ஆக வேண்டும்.