கோரிமேட்டு ஜெராக்ஸ் கடை: பட்டம் முடித்த பின் ஓராண்டு நான் போய்வந்த இடம்

சேலம் கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலிருந்து அஸ்தம்பட்டிப் பக்கமாக ஏற்காடு சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், தட்டுவடை செட் என்ற தின்பண்டம் விற்கும் ஒரு வண்டிக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அளவில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் ‘ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், லேமினேஷன்’ என்று எழுதியிருக்கிறதே தவிர, கடைக்கென்று ஒரு பெயர் கிடையாது. உள்ளே இரண்டு கணினிகள், ஒரு நகல் இயந்திரம், ஒரு ஸ்கேனர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். கடையை நடத்துகிறவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண்மணி. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அக்கா. எங்களையெல்லாம் அவர் கூப்பிடுவது ‘கண்ணு’. தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.

2024 மே மாதத்தில் கடைசிப் பருவத் தேர்வை எழுதி இளங்கலைக் கணிதத்தை முடித்தேன். அதுவரை ஒவ்வொரு ஜூன் மாதமும் அடுத்த வகுப்பு என்று ஒன்று எனக்காகக் காத்திருந்தது. அந்த ஜூனில் நான்தான் காத்திருந்தேன். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மாலையில் வந்து கைகழுவும்போது ‘இன்றைக்கு ஏதாவது அறிவிப்பு வந்ததா’ என்று மட்டும் கேட்பார். வந்தது என்றால் மறுநாள் காலையில் விண்ணப்பக் கட்டணத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போவார். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நான் போய் நிற்கும் இடத்தைப் பற்றி எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன், ஏனென்றால் என்னைப் போல இந்த ஆண்டும் பல்லாயிரம் பேர் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்கே போய் அப்ளை பண்ணுவது’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் நான் வேறொரு கடைக்குப் போனேன். 2024 ஜூலையில் வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பிக்க, வேறொரு பகுதியில் கூட்டம் அலைமோதும் ஓர் இடத்தில், தேர்வுக் கட்டணம் 850 ரூபாயும் கடைக்காரருக்கு 100 ரூபாயும் கொடுத்தேன். பதிவு எண் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஹால் டிக்கெட் வந்து எனக்கு வராதபோதுதான், பதிவு முடிந்ததோடு சரி, கட்டணம் செலுத்தும் படி நிறைவேறவே இல்லை என்பது தெரிந்தது. அந்தத் தாளில் கட்டண விவரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்தத் தேர்வில் என் மின்னஞ்சலுக்கு வந்திருக்க வேண்டிய தகவல்களும் எனக்கு வரவில்லை. பதிவில் அவர்கள் கடையின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள்கள் ஆயின.

அதற்குப் பிறகு, வேலைவாய்ப்பு மையத்தில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு தோழி என்னை அக்காவிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாள் நான் கேட்டது டி.என்.பி.எஸ்.சி. எனப்படும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவு. அக்கா கணினியைத் தொடவே இல்லை. முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், கல்லூரி கொடுத்த தற்காலிகச் சான்றிதழ் மூன்றையும் கண்ணாடி மேசை மேல் ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கச் சொன்னார். ஓர் அளவுகோலை என் பெயர் வரிக்குக் கீழே வைத்து, எழுத்து எழுத்தாக மூன்றிலும் படித்தார். மதிப்பெண் பட்டியலில் என் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது. தற்காலிகச் சான்றிதழில் முன்னால் இருக்கிறது. ஆதாரில் முதலெழுத்துக்குப் பதில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கல்லூரியில் படித்தும் நான் இதைக் கவனித்ததில்லை. “பத்தாம் வகுப்புல எப்படி இருக்கோ அதுதான் கண்ணு உன் பேரு. மத்ததெல்லாம் அதுக்கு ஒத்து வரணும்” என்றார். ஆதாரைத் திருத்திக்கொண்டு வந்த பிறகே பதிவு செய்து கொடுத்தார்.

பதிவுக்கு என் கைப்பேசி எண்ணும் என் மின்னஞ்சலும்தான் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அங்கேயே உட்கார வைத்து உருவாக்கித் தருகிறார். கடவுச்சொல்லை நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் அவர் எழுந்து நகல் இயந்திரத்தின் பக்கம் போய்விடுவார். பயனர் எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் நம் குறிப்பேட்டில் நம் கையாலேயே எழுத வைப்பார். அந்தப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதைக் கட்டிவிட்டால் எல்லாத் தேர்வுக்கும் விண்ணப்பித்ததாக ஆகிவிடாது, ஒவ்வொரு அறிவிப்புக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லாமல் மூன்று வாய்ப்புகள் உண்டு. இது எத்தனையாவது வாய்ப்பு என்பதைக் கேட்காமல் அவர் அந்தக் கட்டத்தில் எதையும் தேர்வு செய்வதில்லை. தவறாகக் குறித்தால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகிவிடும் என்பார்.

கையெழுத்துக்கு அவர் எடுக்கும் சிரமம் தனியாகச் சொல்ல வேண்டியது. புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்ற அளவுக்குள் இருந்தால் இணையதளம் ஏற்றுக்கொள்ளும்; பெரும்பாலான கடைகளில் கைப்பேசியில் ஒரு படம் பிடித்து, நசுக்கிச் சுருக்கி ஏற்றிவிடுவார்கள். அக்கா கோடில்லாத வெள்ளைத் தாளையும் கறுப்பு மைப் பேனாவையும் கொடுத்து, ஐந்து முறை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடச் சொல்வார். ஐந்தும் ஒன்றுபோல் இல்லை என்றால் இன்னொரு தாள். எனக்கு மூன்று தாள்கள் ஆயின. கல்லூரியில் தேர்வு நுழைவுச்சீட்டிலும் நூலக அட்டையிலும் ஏதோ ஒன்றைக் கிறுக்கிப் பழகியிருந்தேன். தேர்வுக் கூடத்திலும், சான்றிதழ் சரிபார்ப்பிலும், வேலையில் சேரும் நாளிலும் இதே கையெழுத்தைத்தான் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது, வேலையில் சேரும் நாள் என்று ஒன்று வரும் என்பதை என்னைத் தவிர இன்னொருவர் இயல்பாக நம்புவதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. மூன்றாவது தாளில் நான்காவதாகப் போட்ட கையெழுத்தை ஸ்கேனரில் வைத்து எடுத்தார். இன்றுவரை நான் எல்லா இடத்திலும் போடுவது அதைத்தான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் உள்ள 20 விழுக்காட்டு முன்னுரிமை பற்றி இந்த ஊரில் எல்லோரும் பேசுவார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படி வந்த அந்த முன்னுரிமைக்கு, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதற்குச் சான்று கேட்கும்போதுதான் பலர் அலைவார்கள். அக்கா முன்கூட்டியே படிவத்தை அச்சிட்டு வைத்திருக்கிறார். நான் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, “எத்தனை பள்ளிக்கூடத்துல படிச்ச?” என்று கேட்டு, அத்தனை படிவங்களையும் கல்லூரிக்கு ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார். டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு வரை போதும், ஆனால் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் தேர்வுகளுக்குக் கல்லூரி வரை வேண்டும், ஒரே அலைச்சலில் முடித்துவிடு என்றார்.

அந்தப் படிவத்தோடு நான் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போனேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசற்படியில் ஏறினேன். தலைமை ஆசிரியை பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசியைத் துடைத்து, விரலால் வரிவரியாக இறங்கி வந்து என் பெயரில் நிறுத்தினார். சேர்ந்த நாளுக்கு நேராக என் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதினால் கடையை விட்டு விலகிப் போய்விடுவேன்.

2025 மே 24 குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நான் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டேன். தங்கையின் விண்ணப்பத்துக்காக அன்று மாலை போனேன். வரிசை தட்டுவடை வண்டியையும் தாண்டி நின்றது. இணையதளம் மெதுவாக இருந்தது. அந்தக் கூட்டத்திலும் அக்கா ஒருவரைக்கூட அவசரமாகத் தள்ளிவிடவில்லை. முன்னோட்டப் பக்கத்தை ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் படிக்க வைத்தார். ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்த ஒரு பையனுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்ற பதற்றம். அக்கா வரிசையில் இருந்த எங்களிடம் கேட்டு, நாங்கள் சம்மதித்த பிறகு அவனை முன்னால் அழைத்தார். அவனுடைய விண்ணப்பத்தை முடித்த கையோடு, அவனிடம் இருந்த பழைய சாதிச் சான்றிதழின் அச்சு மங்கியிருப்பதைக் காட்டி, பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும் என்பதால் நாளாகும், சரிபார்ப்புக்குக் கூப்பிடும்வரை காத்திராமல் இப்போதே மனுப் போட்டுவிடு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. கட்டணம் மற்ற கடைகளைவிட அதிகம். அக்கம்பக்கத்தில் 50 ரூபாய்க்குச் செய்து தரும் விண்ணப்பத்துக்கு இவர் 80 வாங்குகிறார். என் அனுபவத்தில் அந்த 30 ரூபாய் நியாயமானது, ஆனால் மாதம் மூன்று அறிவிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அது சுமைதான் என்பதை மறைக்க முடியாது. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை கடை மூடியிருக்கும். வாட்ஸ்அப்பில் சான்றிதழ் அனுப்பினால் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டார், நேரில்தான் போக வேண்டும். வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு அரைநாள் போய்விடும். வெயில் காலத்தில் உள்ளே உட்காருவது கடினம், ஒரே ஒரு மின்விசிறி. வண்ண அச்சு சுமாராக வருகிறது. புகைப்படத்தை ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை அவர் செய்வதில்லை. அரசு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், அங்கே போ என்று அனுப்பிவிடுவார். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு நம் மாநிலச் சாதிச் சான்று போதாது, ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்று தனியாக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி அனுப்புவார்.

பலகையில் லேமினேஷன் என்று போட்டிருந்தாலும் அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்து தர மறுக்கிறார். நான் மதிப்பெண் பட்டியல்களைக் கொண்டுபோனபோது, பின்னால் யாராவது அதில் முத்திரை வைக்கவோ கையெழுத்திடவோ வேண்டி வந்தால் முடியாமல் போகும் என்று சொல்லி, ஒளிபுகும் உறைகள் கொண்ட ஒரு கோப்பை விற்றார். விலை 120 ரூபாய். முதல் உறையில் பத்தாம் வகுப்பு, அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு, பருவவாரியான பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தமிழ் வழிச் சான்றுகள் என்று அவரே வரிசைப்படுத்தி அடுக்கித் தந்தார். தற்காலிகச் சான்றிதழுக்குப் பின்னால் ஓர் உறையைக் காலியாக விட்டார். பட்டமளிப்பு விழா முடிந்து பட்டச் சான்றிதழ் வந்ததும் அதில் வைக்க வேண்டுமாம்.

2025 ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வை எழுதினேன். முடிவுக்காகக் காத்திருந்தேன். வேலைவாய்ப்பு மையத்தில் பட்டத்தைப் பதிந்த நாளன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று அக்கா நினைவூட்டி, புதுப்பிக்க வேண்டிய மாதத்தை அந்தக் கோப்பின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்தார். அதற்குள் வேலை கிடைத்துவிட்டால் அழித்துவிடலாம் என்றுதான் பென்சிலால் எழுதுகிறேன் என்றார்.

போகிறவர்கள் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே போனால் உட்கார நாற்காலி கிடைக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நகலைப் பார்த்து அவர் ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்ய மாட்டார்.