காசிமேட்டுப் படகுக்கு எந்தக் கட்டு: பழைய மிலிட்டரிக் கட்டா, இஸ்ரேல் கட்டா?

மச்சானின் விசைப்படகில் மருந்துப் பெட்டியைத் திறந்தால் காய்ந்த டிஞ்சரும் நாலு பிளாஸ்திரியும்தான் இருந்தன. வலை இழுக்கும் வின்ச் கயிறு கையைக் கிழித்தால் அதை வைத்து என்ன செய்ய? கரையில் அடிபட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். கடலுக்குள் என்றால் திரும்பவே பல மணி நேரம். சரி, ரத்தத்தை நிறுத்த ராணுவத்துக் கட்டு வாங்கலாம் என்றேன்.

மிலிட்டரியில் இருந்த சித்தப்பா பழைய ஃபீல்டு டிரெஸ்ஸிங் கட்சி. தடித்த பஞ்சுப் பட்டை, அதோடு தைத்த நீள நாடா, தண்ணீர் புகாத உறை. பட்டையின் காயம் படும் பக்கத்தைத் தொடாமல் அழுத்தி வைத்து, ஓரங்கள் மூடச் சுற்றி, முடிச்சைப் பட்டையின் மேலேயே போட வேண்டும். எளிது, மலிவு. ஆனால் நாடா இழுபடாது; ஈரத்தில் முடிச்சு தளர்ந்தால் அழுத்தமும் போச்சு.

இஸ்ரேல் கட்டு இழுபடும் துணி. 4 அங்குலம், 6 அங்குல அகலங்களில் வருகிறது. பட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கொக்கி. ஒரு சுற்று சுற்றி, துணியைக் கொக்கியில் மாட்டி எதிர்ப்பக்கமாகத் திருப்பி இழுத்தால் கொக்கி காயத்தின் மேல் அமுங்கும். பிறகு இறுக்கமாகச் சுற்றி, கடைசி கிளிப்பை மாட்டினால் முடிந்தது. அடிபட்டவரே ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான். விரல் நுனி நீலமானாலோ மரத்துப்போனாலோ கொஞ்சம் தளர்த்த வேண்டும். விலை கூடுதல் என்பது சித்தப்பாவின் ஆட்சேபம், நியாயமானதுதான்.

தொடை இடுக்கு, அக்குள் மாதிரி இடத்தில் ஆழமாகக் கிழிந்தால் இரண்டுமே தனியாக உதவாது. காஸ் துணியைக் காயத்தின் அடிவரை திணித்து, இடம் நிரம்பியதும் இரு கையாலும் அழுத்த வேண்டும். கயோலின் (ரத்தம் உறைய உதவும் ஒரு களிமண்) தடவிய காஸ் என்றால் 3 நிமிடம். சாதாரண காஸுக்கு இன்னும் அதிக நேரம். பார்க்கவே பயமாக இருக்கும், அதற்காக மேலோட்டமாக மூடிவிட்டால் ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கிரேப் பேண்டேஜ்? சுளுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கட்டானாலும், ரத்தத்தில் நனைந்தால் பிரிக்காமல் மேலே இன்னொன்று. கை காலில் ரத்தம் பீய்ச்சி அடித்தால் டூர்னிகே, அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்குப் பட்டை; காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, கட்டிய நேரத்தையும் எழுதி.

கடைசியில் 6 அங்குலத்தில் மூன்று வாங்கினோம். ஒன்றைப் பழகுவதற்கென்றே பிரித்தோம். படகுத் தம்பி முதல் தடவை கொக்கியையே தலைகீழாக வைத்துச் சுற்றினான். ஐந்தாவது தடவைதான் சித்தப்பா வாயை மூடினார்.