54 சதவீதம் தேய்ந்த வீடு: விசாவுக்காக எடுத்த மதிப்பீட்டு அறிக்கை

என்னோடு வேலை பார்த்த நண்பர் மகளைப் பார்க்க இங்கிலாந்து கிளம்புகிறார். "விசாவுக்குச் சொத்து மதிப்பீடு எடுக்கணுமா, வீண் செலவா?" என்று கேட்டார். போனில் பேசினால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். எழுதினால் கொஞ்சம் நியாயமாகச் சொல்லலாம்.

முதலில் ஒன்று. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவாது. அங்கே மாணவர் விசாவுக்கு 28 நாள் வங்கிக் கணக்கில் கிடந்த பணம்தான் கணக்கு, தோப்பும் வீடும் பணமாகாது. எங்களைப் போலப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ஊருக்குத் திரும்ப நமக்குக் காரணம் இருக்கிறது என்று காட்டத்தான் சொத்துக் காகிதம் வைக்கிறோம். அதுவும் கட்டாயமில்லை. 2024இல் நாங்கள் விசா எடுத்தபோது மதிப்பீடு கேட்டது விசாக்காரர்கள் இல்லை, ஆடிட்டர். கடன் போக நமக்கு மிஞ்சும் சொத்தைக் காட்டும் நிகர சொத்துச் சான்றிதழில் அவர் போடும் 18 இலக்க யூடிஐஎன் என்ற ஆவண அடையாள எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். வாய்க்கு வந்த தொகையை எழுத மாட்டேன், இன்ஜினியர் அறிக்கை கொண்டு வாருங்கள் என்றார். நியாயம்தான்.

அறிக்கையில் பாராட்ட நிறைய உண்டு. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோமே, அந்தக் காலத்துப் பத்திரம். அடுத்த பத்திரம் தமிழ், அதில் விளவங்கோடு தாலுகா. பட்டாவில் கிள்ளியூர் தாலுகா, ஏனென்றால் 2019இல் தாலுகாவைப் பிரித்துவிட்டார்கள். பத்திரத்தில் 12½ சென்ட், பட்டாவில் 5 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 5 ஏர் என்றால் ஏறக்குறைய 12.36 சென்ட்தான். இதையெல்லாம் விசாவுக்கு அப்படியே வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதில் மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். படிக்கிற அதிகாரிக்கோ இரண்டு தாலுகா, இரண்டு அளவு. ஆள் ஏமாற்றுகிறான் என்றுதான் நினைப்பார்.

மதிப்பீட்டாளர் இந்தச் சிக்கலை இரண்டு பக்க ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டார். தாலுகா ஏன் மாறியது என்று ஒரு வரி. பரப்பில் எது குறைவோ அதை எடுத்துக்கொண்டதாக ஒரு வரி. நான்கு எல்லையும், மேற்கே ஓடும் சானல் வாய்க்கால் உட்பட, பிசகில்லாமல் இருந்தது. அந்த இரண்டு பக்கத்துக்கே கொடுத்த சில ஆயிரம் தகும்.

அப்புறம் ஐந்தாம் பக்கம்.

வீடு 1988இல் கட்டியது. அவர் வந்த அன்று லேசர் கருவியின் சிவப்புப் புள்ளி சுவர் சுவராக ஓடியது. கிணற்றின் விட்டம்கூட அளந்தார். முன்வாசல் நிலையை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, "அயனியா சார்?" என்றார். எங்கள் விளையிலேயே, அதாவது தோட்டத்திலேயே நின்ற அயனி மரம், அப்பா முன்னால் நின்று அறுக்க வைத்தது என்று நான் சொன்னேன். தலையாட்டினார், குறித்துக்கொண்டார். அறிக்கையில் அது "மரக் கதவு, ஜன்னல்கள்" என்று ஆகியிருந்தது. அதற்குக் கீழே தேய்மானம் 54 சதவீதம்.

கணக்கு இப்படி. கட்டடத்தின் ஆயுள் 60 வருஷம், ஆனது 36 வருஷம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம். ஆகவே 36-ஐ 60-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 54. இதில் ஈரம் ஏறாத சுவரோ, வருஷா வருஷம் அடித்த வெள்ளையோ எங்கும் வரவில்லை. போன் செய்து கேட்டேன். "பில்டிங்குக்கு வயசாயிட்டுல்லா சார், எல்லாருக்கும் இதே ஃபார்முலாதான்" என்றார். அவருடைய முத்திரையில் 34ஏபி பிரிவில் பதிவு பெற்றவர் என்று இருக்கிறது. அது செல்வ வரிச் சட்டத்தின் பிரிவு. அந்த வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஒழிந்துபோன வரியின் பிரிவு முத்திரையில் தேயாமல் நிற்கிறது, என் வீடு மட்டும் பாதி தேய்ந்துவிட்டது.

சரி, நியாயமாகப் பார்த்தால் இதனால் எனக்கு நஷ்டமில்லை. மண்ணின் விலைதான் மொத்தத் தொகையைத் தூக்குகிறது. அரசு வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு, அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு என்று மூன்று தொகை போட்டிருந்தார். சந்தை மதிப்பு நான் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம். ஆடிட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். விசாவும் கிடைத்தது. அது இந்த அறிக்கையாலா, என் பென்ஷன் வரவு ஒழுங்காகத் தெரியும் வங்கிக் கணக்காலா என்று யாரும் சொல்லப் போவதில்லை. என் ஊகம், வங்கிக் கணக்குதான்.

ஆகவே நண்பருக்கு: பென்ஷன் வருகிறது, பத்திரம் எல்லாம் ஒரே பெயரில் ஒரே அளவில் இருக்கிறது என்றால் எடுக்காதீர்கள். என் கணக்கில் இதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான். ஆனால் என் பத்திரங்களைப் போலக் குழம்பிக் கிடந்தால் இதே ஆளிடம் போங்கள், நம்பர் தருகிறேன். மருமகளுக்குப் பிரசவ சமயம் மறுபடி போக வேண்டியிருக்கிறது. ஆடிட்டர் புது அறிக்கை கேட்கிறார், நானும் அவரையே வரச் சொல்லியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் வீதம் இன்னும் குறைப்பார். இந்த முறை அயனி என்று அவர் எழுதும்வரை கையெழுத்துப் போடப் போவதில்லை.