ஜான்லேன், த்ருவா மோன், திரியே, துபோன்: எல்லையோரத்துப் பண்ணை பீர்களில் எது எதற்கு?

பிரெஞ்சுப் பண்ணை பீர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் முற்றிலும் வேறான இரண்டு வகைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். ஒன்று பியேர் த கார்ட். பிரான்ஸின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஊர்களின் சரக்கு. அதில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பேசும். இன்னொன்று சேஸோன். எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்தின் வலோனியாவில் உள்ள எனோ மாகாணத்துக்காரர்களுடையது. அதில் ஈஸ்ட் (சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்) பேசும். இரண்டையும் 'ஃபார்ம்ஹவுஸ் ஏல்' (பண்ணை பீர்) என்ற ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். சேஸோனை நினைத்துக்கொண்டு பியேர் த கார்டைத் திறப்பவருக்கு 'என்ன இது, இனிப்பாக இருக்கிறதே, காரமே காணோமே' என்றுதான் தோன்றும். பீர் மேல் தப்பில்லை, எதிர்பார்ப்புதான் தப்பு. அதனால் மூன்று பிரெஞ்சு பாட்டில்களையும் (ஜான்லேன், த்ருவா மோன், திரியே) ஒரு பெல்ஜிய பாட்டிலையும் (துபோன்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். குளிர்காலத்தில் காய்ச்சி நிலவறையில் வைத்துவிட்டு, வெயில் காலத்தில் எடுத்துக் குடித்தார்கள். முதல் உலகப் போரில் ஆக்கிரமித்த ஜெர்மானியப் படைகள் வட பிரான்ஸ் ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைக் கழற்றி எடுத்துப்போயின. பல பண்ணை ஆலைகளின் கதை அதோடு முடிந்தது. இன்று கிடைப்பதெல்லாம் தப்பிப் பிழைத்தவையும் பிறகு முளைத்தவையும்.

ருசி பார்க்கும் முறைக்கு வருவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றவே கூடாது. 4 டிகிரியில் மால்ட் வாய் திறக்காது. 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தால் போதும். வாய் குறுகிய, வயிறு அகன்ற வைன் கிளாஸ் நல்லது. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மணத்துக்கு இடம் வேண்டும். முதலில் வறண்டவை (இனிப்பு மிஞ்சாதவை), அப்புறம் இனிப்பும் கனமும் உள்ளவை. அந்தக் கணக்கில் துபோன், திரியே, ஜான்லேன், த்ருவா மோன் என்ற வரிசை சரியாக வரும்.

துபோனின் 'சேஸோன் துபோன்' 6.5 சதவீதம் ஆல்கஹால். தூர்ப் ஊரில், பழைய பண்ணை ஆலையில் காய்ச்சுவது. ஊற்றும்போதே நுரை டம்ளரைத் தாண்டி எழும்பும், அவசரப்படக் கூடாது. மிளகு, எலுமிச்சைத் தோல், காய்ந்த வைக்கோல், அதற்குப் பின்னால் தெளிவான ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பு. விழுங்கியதும் நாக்கு வறண்டு அடுத்த மிடறைக் கேட்கும். இதற்குக் காரணம் சூடு: மற்றவர்கள் பயப்படும் 30 டிகிரிக்கும் மேலே இந்த ஈஸ்ட்டை வேலை செய்ய விடுகிறார்கள். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் இதே ஈஸ்ட்டைக் குளிரில் வைத்துவிட்டு, பாதியில் நின்றுபோய்விட்டது என்று புலம்புவது வழக்கம். ஒரு குறை, பச்சை பாட்டில். ஹாப்ஸ் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து கந்தக நாற்றம் அடிக்கும். பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது. கடையில் விளக்குக்கு அடியில் நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள்.

திரியே இந்த நால்வரில் இளையது. 1996-இல் டன்கிர்க் பக்கம் எஸ்கெல்பெக் கிராமத்தில் ஆரம்பித்தது. அதன் பிளாண்ட் (வெளிர் நிற பீர்) 6.5 சதவீதம், லேசாகக் கலங்கிய மஞ்சள். பிரெஞ்சு ஆலைதான், ஆனால் நாக்கில் பாதி சேஸோன். மிளகு இருக்கிறது, துபோன் அளவுக்கு அடிப்பதில்லை. ரொட்டி மணமும் பூ மாதிரி ஹாப்ஸ் மணமும் முன்னால் வரும். ஈஸ்ட் கடைகளில் 'பிரெஞ்சு சேஸோன்' என்று விற்கும் வகையின் மூலம் இந்த ஆலைதான் என்று காய்ச்சுபவர்கள் மத்தியில் பரவலான பேச்சு. அந்த ஈஸ்ட்டின் குணமும் இங்கே பொருந்தி வருகிறது: சர்க்கரையை ஒட்டத் தின்று தீர்த்தாலும் வாயில் ஒரு வழவழப்பை விட்டுவைக்கும். துபோன் எலும்பு போல வறண்டது என்றால் திரியேயில் கொஞ்சம் சதை இருக்கிறது.

ஜான்லேன் ஆம்ப்ரேவுக்கு (செம்பழுப்பு பீர்) வந்தால் ஆட்டமே மாறுகிறது. வலென்சியென் அருகே ஜான்லேன் ஊரில் துயிக் குடும்பம் 1922-இல் தொடங்கிய ஆலை, 7.5 சதவீதம், செம்பு நிறம், ஷாம்பெயின் பாட்டிலில் கார்க்கும் கம்பியும். மிளகைத் தேடாதீர்கள், இருக்காது. வெல்லப்பாகு இறக்கும் நேரத்து மணம், வறுத்த ரொட்டியின் ஓரம், கொஞ்சம் காய்ந்த பழம். கசப்பு இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு மட்டும். இந்த வகையில் ஈஸ்ட் அடங்கி நடக்க வேண்டும்; அதற்காகவே பல ஆலைகள் குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டையோ அமைதியான ஏல் ஈஸ்ட்டையோ போட்டு, பின்பு கடுங்குளிரில் வாரக்கணக்கில் வைத்திருக்கின்றன.

நல்ல ஆம்ப்ரேயைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. முதல் மிடறின் இனிப்பை விட்டுவிடுங்கள். விழுங்கிய பிறகு அந்த இனிப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, அல்லது சுத்தமாகக் கழுவிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அது சுமார். போட்டி நடுவர்களின் பி.ஜே.சி.பி. வழிகாட்டி பியேர் த கார்டின் இறுதி அடர்த்தியை (நொதித்து முடிந்தபின் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; கூடினால் சர்க்கரை மிச்சம்) 1.008 முதல் 1.016 வரை என்றும், சேஸோனுக்கு 1.002 முதல் 1.008 வரை என்றும் வைத்திருக்கிறது. ஆக, பியேர் த கார்ட் வழக்கமாகக் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைக்கும். அது திகட்டக் கூடாது, அவ்வளவுதான்.

த்ருவா மோன் பொன்னிறம், 8.5 சதவீதம், இந்த நான்கில் கனமானது. சான்-சில்வெஸ்த்ர்-காப்பெல் ஊரில் 1984-இல் தொடங்கிய பீர். பெயரில் உள்ள மூன்று குன்றுகளும் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை: காஸெல், ரெகொல்லே, மோன் தே கா. கார்க்கை ஓர் இரும்புக் கவ்வி பிடித்துக்கொண்டிருக்கும். திருகி நெம்பித்தான் எடுக்க வேண்டும், கத்தியை வைத்து விளையாடாதீர்கள். முதல் மூக்கில் தேன், பழுத்த ஆப்பிள். வாயில் வெள்ளை வைனை நினைவுபடுத்தும் ஒரு கூர்மை. 8.5 சதவீதம் என்று லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். ஆல்கஹால் கடைசியில் சின்னச் சூடாக மட்டும் தொண்டையில் வரும். இது பியேர் த கார்ட்தான், ஆனால் செம்பு நிறத்து அண்ணனின் கேரமல் இல்லாத வடிவம். மால்ட் பீர் என்றாலே டாஃபி என்று நினைப்பவர்கள் இதை ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு சர்ச்சை. பியேர் த கார்ட் என்றாலே நிலவறை வாசனை, ஈரக் கார்க், பூசணம் படிந்த மரம் என்று எழுதுபவர்கள் உண்டு. அதைத் தேடிப் பிடித்து 'அசல்' என்று மெச்சுபவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. மேலே சொன்ன வழிகாட்டியே அந்த நிலவறைக் குணத்தை, ஏற்றுமதியில் சரியாகப் பேணாத பாட்டில்களின் அடையாளம் என்றுதான் வைக்கிறது. ஈர அட்டை வாசம் வந்தால் அது காற்று பட்டுப் பழசாகிப் போனது. பாரம்பரியம் ஒன்றும் இல்லை. மதிப்பெண் போடும்போது அதற்குக் கழிக்கத்தான் வேண்டும். ஆம்ப்ரேயில் இலேசான ஷெரி (ஒரு ஸ்பானிய வைன்) சாயல் வந்தால் மட்டும் நான் பொறுத்துக்கொள்வேன். பிளாண்ட்களில் அதுவும் கூடாது.

சாப்பாட்டோடு வைத்தால் யார் எங்கே என்பது இன்னும் தெளிவாகும். மாட்டிறைச்சியை பீரிலேயே வேகவைக்கும் கார்போனாட் ஃப்ளாமாண்டுக்கு ஜான்லேன்; வேறு யாரும் வேண்டாம். மாருவால் மாதிரி நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டிக்கு த்ருவா மோன். அதன் கூர்மைதான் கொழுப்பை வெட்டும். பொரித்த மீன், கிழங்கு வறுவல் என்றால் துபோன். திரியே எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், எதிலும் முதலிடம் பிடிக்காது.

எனக்கு ஒரே ஒரு பாட்டில் என்றால் த்ருவா மோன்தான், ஆனால் தனியாளாக 750 மில்லியைத் திறப்பது நல்ல யோசனை இல்லை. மூன்று பேராவது வேண்டும். வெயில் மதியத்துக்கு துபோன். சேஸோன் பழகியவரை பிரெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டுமானால் நேரே ஆம்ப்ரேயைக் கொடுக்காமல் திரியேயில் ஆரம்பியுங்கள். எதை வாங்கினாலும் முதலில் தேதியைப் பாருங்கள், கார்க் பாட்டிலாக இருந்தால் அதன் தலையைத் தடவிப் பாருங்கள்: பிசுபிசுப்பு இருந்தால் கசிந்திருக்கிறது, திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.