மாஸ்டோடான்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பம் என்றதும் பலருக்குக் கிரிப்டோ நாணயங்களே நினைவுக்கு வருகின்றன. எவரிடம் எத்தனை நாணயம் உள்ளதோ அவருக்கு அத்தனை வாக்கு என்று அவ்வுலகின் பல திட்டங்களில் உள்ள ஆளுகை முறை எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. ஆகவே அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது 2019 இறுதியிலிருந்து பயன்படுத்திவரும் மாஸ்டோடான் என்னும் சமூக ஊடகத்தைப் பற்றி. மையமில்லாத ஓர் அமைப்பில் அதிகாரம் மறைந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அது மறைவதில்லை, சிறு சிறு கைகளுக்குப் பிரிந்து செல்கிறது. அக்கைகளில் ஒன்று பிடிக்காமல்போனால் இன்னொன்றிடம் செல்லும் வழி எவ்வளவு திறந்திருக்கிறதோ, அவ்வளவே பயனரின் சுதந்திரமும்.

ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோச்கோ என்னும் நிரலாளர் 2016இல் வெளியிட்ட மென்பொருள் இது. கட்டற்ற உரிமத்தில் மூல நிரலோடு கிடைப்பதால், ஒரு டொமைன் பெயரும் (இணைய முகவரியும்) வாடகைக்கு எடுத்த ஒரு கணினியும் ஓரளவு தொழில்நுட்பப் பழக்கமும் உள்ள எவரும் தமக்கென ஒரு வழங்கியை (சர்வரை) நிறுவிக்கொள்ளலாம். ஒரு வழங்கியில் கணக்கு வைத்திருப்பவர் வேறொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம், அவருக்கு மறுமொழி எழுதலாம். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் முகவரிக்கு மடல் அனுப்புகிறோமே, அதே ஏற்பாடுதான். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை 2018 ஜனவரியில், இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியானது.

இந்தியாவில் இப்பெயர் பரவலாகக் காதில் விழுந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செய்ய மறுத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரின் புகழ்பெற்ற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்ததிலிருந்து அச்சிக்கல் தொடங்கியது. அவருக்கு ஆதரவாக ட்விட்டரை விட்டு வெளியேறியவர்களில் பலர் மாஸ்டோடானுக்கு வந்தார்கள். நானும் அந்த அலையில் வந்தவன்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். எலான் மஸ்க் 2022 அக்டோபரில் ட்விட்டரை வாங்கியபோது எழுந்த இரண்டாவது அலை மிகப் பெரியது. மாதந்தோறும் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்ததாக ரோச்கோவே அப்போது எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் ட்விட்டர் நிர்வாகம் மாஸ்டோடானின் அதிகாரப்பூர்வக் கணக்கை முடக்கியதோடு மாஸ்டோடான் இணைப்புகளைப் பகிரவும் சில நாட்கள் தடை விதித்தது. மையமில்லாத அமைப்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த என் நண்பர்கள் சிலருக்கு அந்த ஒரு வாரம் போதுமான விடையாக இருந்தது.

அன்றாடப் பயன்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. விளம்பரம் கிடையாது. நாம் பின்தொடர்பவர்கள் எழுதியவை எழுதிய வரிசையிலேயே வருகின்றன; எது நம்மைக் கோபப்படுத்தும் என்று கணக்கிட்டு மேலே தள்ளும் நிரல் எதுவும் நடுவில் இல்லை. ஒரு பதிவுக்கு 500 எழுத்துக்குறிகள் என்னும் வழக்கமான வரம்பு, நீண்ட சொற்களைக் கொண்ட தமிழுக்கு ட்விட்டரின் 280ஐ விடத் தாராளமானது. தேடல்தான் நெடுங்காலம் பெருங்குறையாக இருந்தது. எழுதியவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அவருடைய பொதுப் பதிவுகள் முழுத் தேடலில் அகப்படும் என்னும் ஏற்பாடு 2023இல்தான் வந்தது. தமிழில் எழுதுவோர் இங்கே குறைவு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களையும் விக்கிப்பீடியர்களையும் எளிதில் காணலாம். கிரிக்கெட்டும் சினிமாவும் பேச விரும்புகிறவருக்கு இவ்விடம் வெறிச்சோடியே தெரியும்.

இனி ஆளுகைக்கு வருகிறேன். என் கவனம் ஆண்டுகள் செல்லச்செல்ல இதிலேயே நிலைத்தது. ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு நிர்வாகி உண்டு. யாரைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எந்தப் பிற வழங்கியோடு உறவு வைப்பது, எதைத் துண்டிப்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். அவர் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர். அவரைத் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை. அவர்மீது மேல்முறையீடும் கிடையாது. நான் இருந்த ஒரு வழங்கியின் நிர்வாகி, வெறுப்புப் பதிவுகளைக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி இன்னொரு பெரிய வழங்கியோடு உறவை முறித்தபோது, அங்கிருந்த என் நண்பர்கள் சிலர் ஒரே இரவில் என் பார்வையிலிருந்து காணாமற்போனார்கள். அவர்களும் நானும் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அறிமுகப் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் மட்டும் இருந்தது, எனக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. இவ்வாறு அறுந்துபோகும் தொடர்புகளைப் பயனருக்குத் தெரிவிக்கும் வசதி 2024 அக்டோபரில் வெளியான 4.3 பதிப்பில்தான் சேர்ந்தது. அந்த முடிவு சரியா என்று கேட்டால், சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் சரியான முடிவுகளையும் கேட்காமலே எடுக்கும் அதிகாரம் அது என்பதை மறக்க இயலாது.

இதே துண்டிப்பு அதிகாரம் பெரிய அளவில் வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். தீவிர வலதுசாரிகள் கூடும் காப் என்னும் தளம் 2019 ஜூலையில் மாஸ்டோடான் நிரலுக்கு மாறியது. நிரல் கட்டற்றது என்பதால் அதைத் தடுக்க ரோச்கோவாலும் முடியவில்லை. ஆனால் ஏராளமான வழங்கிகள் தனித்தனியே அதைத் தடை செய்தன, செயலிகள் சிலவும் அதில் உள்நுழைய இடமளிக்கவில்லை. விளைவாக, காப் தன் போக்கில் இயங்கியது. அதன் குரல் மற்றவர்களின் திண்ணைக்கு வரவில்லை. எவர் வாயையும் மூடாமல், கேட்க விரும்பாதவரையும் காப்பாற்றும் வழி இது. ஒரே நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து உலகம் முழுமைக்கும் ஒரே விதி எழுதும் முறையில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் என் கருத்து.

நிர்வாகிகளின் தன்னிச்சைக்குக் கடிவாளம் போடும் முயற்சிகளும் இருக்கின்றன. மாஸ்டோடான் அமைப்பின் இணையதளப் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகள் ஓர் உடன்படிக்கையை ஏற்க வேண்டும்: இனவெறி, பாலினப் பாகுபாடு போன்றவற்றுக்கு எதிராக மட்டுறுத்தல் (பதிவுகளைக் கண்காணித்து நெறிப்படுத்துதல்), தினசரிக் காப்புநகல், அவசரத்தில் வழங்கியைக் கையாள இன்னொருவருக்கு அனுமதி, மூடுவதானால் 3 மாத முன்னறிவிப்பு. சோஷியல் கூப் என்னும் வழங்கி இன்னும் ஒரு படி மேலே சென்று, உறுப்பினர்கள் சிறு சந்தா செலுத்தி, விதிகளைக் கூட்டாக விவாதித்து வாக்களித்து முடிவுசெய்யும் கூட்டுறவுச் சங்கமாகவே இயங்குகிறது. கூட்டுறவுப் பால் சங்கமும் கடன் சங்கமும் பழகிய நம்மூருக்கு இந்த அமைப்பு அந்நியமானது அல்ல; இங்கே இன்னும் வேரூன்றாதது வியப்பாகவே இருக்கிறது.

என் முதல் வழங்கி மூடப்பட்டபோதுதான் வெளியேறும் உரிமையின் எல்லை புரிந்தது. செலவும் சோர்வும் கூடிவிட்டதாகச் சொல்லி நிர்வாகி உரிய கால அவகாசத்தோடு அறிவித்தார். புதிய வழங்கியில் கணக்கு திறந்து, பழையதை அதன் மறுபெயராகக் குறித்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து இடமாற்றக் கட்டளை கொடுத்ததும் பின்தொடர்பவர்கள் தாமாகவே மாறினார்கள். நான் பின்தொடர்பவர்கள், தடை செய்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களைக் கோப்பாக இறக்கி மீண்டும் ஏற்ற முடிந்தது. ட்விட்டரிலோ பேஸ்புக்கிலோ நினைத்துப் பார்க்க முடியாத வசதி இது. ஆயினும் பதிவுகள் வரவில்லை. அவற்றுக்குக் கீழே நடந்த உரையாடல்களும் வரவில்லை. இன்னொன்றும் உண்டு: இடமாற்றம் நடக்கப் பழைய வழங்கி உயிரோடு இருந்தாக வேண்டும். முன்னறிவிப்பின்றி அது நின்றுபோனால் பின்தொடர்பவர்களும் போனார்கள். 2024 பிப்ரவரியில் க்வியர் ஏஎஃப் என்னும் வழங்கிக்கு இத்தகைய நிலையே ஏற்பட்டது. அதன் முகவரியின் இறுதியிலுள்ள ‘ஏஎஃப்’ ஆப்கானிஸ்தானுக்குரிய டொமைன் என்பதால், தாலிபான் ஆட்சியின் கீழிருந்த அமைச்சகம் அதை முடக்கிவிட்டது. வழங்கிகளை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துவைத்தாலும், முகவரிகள் இன்னும் அரசுகளின் பிடியிலேயே இருக்கின்றன.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை புதிதாக வருகிறவர்களின் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது. நம் விருப்பங்களைத் தொகுத்து விளம்பரதாரருக்கு விற்கும் தொழில் இங்கே இல்லை. அந்த அளவில் நிம்மதி உண்மையானது. ஆனால் கண்காணிப்பு இல்லாமையும் இரகசியமும் ஒன்றல்ல. மாஸ்டோடானில் தனிச்செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது. நம் வழங்கியின் நிர்வாகியும் பெறுநருடைய வழங்கியின் நிர்வாகியும் நினைத்தால் அவற்றைப் படிக்க முடியும். எழுதும் பெட்டியிலேயே இந்த எச்சரிக்கை காட்டப்படுகிறது. பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று குறித்து எழுதுவதும் அவர்கள் இருக்கும் அத்தனை வழங்கிகளிலும் நகலாகச் சென்று சேர்கிறது. ஒரு பதிவை நீக்கினால், நீக்குமாறு கேட்கும் செய்தி பிற வழங்கிகளுக்குப் போகிறது. நெறிமுறையை மதிக்கும் வழங்கிகள் நீக்கிவிடும். மதிக்காதவற்றைக் கட்டாயப்படுத்த வழியில்லை. மறக்கப்படும் உரிமை என்பதைச் சட்டங்கள் பேசத் தொடங்கியிருக்கும் காலத்தில், பரவலாக்கம் அவ்வுரிமையைக் கடினமாக்குகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்த அபாயம் ஏட்டளவில் நிற்கவில்லை. 2023 மே மாதத்தில் அமெரிக்காவில் கொலெக்டிவா என்னும் வழங்கியின் நிர்வாகிகளில் ஒருவரது வீட்டை எஃப்பிஐ சோதனையிட்டது. வழக்குக்கும் வழங்கிக்கும் தொடர்பில்லை. எனினும் கைப்பற்றப்பட்ட கருவிகளில் வழங்கியின் தரவுத்தளக் காப்புநகல் மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தது. ஆயிரக்கணக்கான பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் அவ்வாறே அரசின் கைக்குச் சென்றன. பெருநிறுவனத்திடம் தரவு இருந்தால் அதைக் கேட்கும் அரசோடு வாதாட வழக்கறிஞர் குழு ஒன்றாவது இருக்கும். வீட்டு மேசையில் வழங்கி நடத்துகிறவரிடம் அதுவும் இருக்காது. அதனால் முக்கியமான எதையும் நான் இங்கே தனிச்செய்தியில் எழுதுவதில்லை. அதற்கு, மேட்ரிக்ஸ் என்னும் பரவலாக்கப்பட்ட செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் இயங்கும் எலிமெண்ட் செயலியைப் பயன்படுத்துகிறேன். அதையும் 2023 மே மாதத்தில் இந்திய அரசு, பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணத்தின்பேரில் 14 செயலிகளைத் தடை செய்தபோது அப்பட்டியலில் சேர்த்தது. ஒரு செயலியின் பெயரைத் தடைசெய்தாலும் அதே நெறிமுறையில் இயங்கும் மற்றச் செயலிகளும் வழங்கிகளும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. பொறுப்புக் கேட்க ஒரே ஓர் அலுவலகம் இல்லாத ஒன்றைச் சட்டம் எப்படி அணுகும் என்ற கேள்வி அரசுகளுக்கு இன்னும் தீரவில்லை.

மறுபுறம், இதே தொழில்நுட்பத்தைத் தமதாக்கிக்கொண்ட அரசுகளும் உள்ளன. ஜெர்மனியின் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் 2020 முதல் அரசுத் துறைகளுக்காக மாஸ்டோடான் வழங்கி ஒன்றை நடத்திவருகிறது. அரசின் டொமைனிலேயே கணக்கு அமைவதால், அது உண்மையான கணக்கா என்று நீலக் குறிக்குக் காசு கொடுத்து நிரூபிக்கத் தேவையில்லை. நெதர்லாந்து அரசும் 2023இல் இதே வழியில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி வழங்கியோ 2022இல் தொடங்கி, தொடர்ந்து நடத்தும் பொறுப்பை ஏற்க எந்த நிறுவனமும் முன்வராததால் 2024இல் மூடப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் பிறகு தனக்கென வேறு வழங்கிக்குச் சென்றது. தொழில்நுட்பம் பரவலானாலும் பராமரிக்கிற ஆளும் பணமும் பரவலாகக் கிடைப்பதில்லை.

என்னை உறுத்தும் இன்னொரு செய்தி, பரவலாக்கத்துக்குள்ளேயே நடக்கும் குவிதல். அதிகாரப்பூர்வச் செயலி புதியவர்களை ரோச்கோ தொடங்கிய மாஸ்டோடான் டாட் சோஷியல் என்னும் பெரிய வழங்கியை நோக்கியே அழைத்துச் செல்கிறது. சேருவது எளிதாகிறது, ஆனால் ஒரே கூரைக்குள் கூட்டம் சேர்கிறது. மெட்டாவின் சமூக ஊடகமான த்ரெட்ஸ் 2023 இறுதியில் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையோடு இணையத் தொடங்கியபோது பல சிறு வழங்கிகள் முன்கூட்டியே கதவை அடைத்ததன் பின்னணியும் இந்த அச்சமே. நான் இப்போது இருக்கும் வழங்கி அடைக்கவில்லை. வேண்டாதவர்கள் தாமே தடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது, எனக்கும் அது உடன்பாடே. ரோச்கோ 2025 நவம்பரில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகி, உரிமைகளை இலாப நோக்கற்ற அமைப்பிடம் விட்டது நல்ல அறிகுறி. தனிமனிதர் ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்பது மஸ்க் காலத்துக்குப் பிறகு எவருக்கும் பரிந்துரைக்கத்தக்கது அல்ல.

சேர விரும்புவோருக்கு: பயனர் எண்ணிக்கையைப் பார்த்து வழங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அறிமுகப் பக்கத்தைத் திறந்து, யார் நடத்துகிறார், நன்கொடைக் கணக்கை வெளியிடுகிறாரா, எந்த வழங்கிகளை ஏன் தடை செய்திருக்கிறார், எந்த நாட்டின் டொமைன் என்று படியுங்கள். இயன்றால் மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். நீங்கள் பின்தொடர்வோரின் பட்டியலையும் பதிவுக் காப்பகத்தையும் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 7 நாட்களுக்கு ஒருமுறை காப்பகம் கேட்க அனுமதி உண்டு. அப்படி இறக்கிய பழைய பதிவுகளைப் புதிய வழங்கியில் ஏற்றும் வசதி மட்டும் இன்றுவரை மாஸ்டோடானில் இல்லை. அது வரும்வரை நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.